கொள்ளையரும் காவலரும்

உலக சரித்திரத்திற் கொள்ளைக் கூட்டங்கள் பல. அவற்றுள், ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் படங்களிலும் கதைகளிலும் அழியாது உலவி வருவோர் வடகடல் மாந்தராகிய வைக்கிங்கர். கொம்பு வைத்த இரும்புத் தொப்பி, நாகத்தலை கொண்ட நெடும்படகு, கையிலே கோடரி. இவ்வளவே பலர் அறிந்த வைக்கிங்கர். அவற்றுள் கொம்புத் தொப்பியை அவர்கள் அணிந்தார்கள் என்பதற்குச் சான்றே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் ஓவியரும் நாடகக்காரரும் சூட்டிய அணி அது. இல்லாத தொப்பி எல்லோர் கண்ணிலும் படுகிறது. இருந்த குடிமக்களோ ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. அக்குடிகளைப்பற்றியே நான் இங்குச் சில கூற விரும்புகிறேன்.

கி. பி. 793ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8ஆம் நாள், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை அடுத்த லிண்டிஸ்பார்ன் தீவு மடாலயத்தில் வடவர் வந்திறங்கினர். பொன்னும் வெள்ளியும் பறிபோயின, துறவிகள் கொலையுண்டனர், சிறுவர்கள் சிறைப்பட்டுக் கடல் கடந்தனர். மடாலயங்கள் கரையோரத்தில் மதிலின்றி இருந்தன. செல்வமோ அவற்றிற் குவிந்து கிடந்தது. வடவரின் படகுகள் இடுப்பளவு நீரிலும் ஓட வல்லவை. இவற்றினும் வேறு காரணம் வேண்டுமோ? ஆயினும், சார்லமேன் பேரரசன் ஆதரித்த ஆல்குவின் என்னும் அறிஞர், நார்தம்பிரியா மன்னனுக்கு எழுதிய கடிதத்தில், இத்துன்பம் பாவத்தின் பலன் என்றார். தாடியையும் தலைமயிரையும் வடவரைப்போல் வைத்துக்கொண்டதையும் கடிந்தார். பிரபுக்களின் ஆடம்பரமே குடிகளின் வறுமை என்று அதே கடிதத்தில் அவர் இடித்துரைத்ததையும் நாம் மறைத்தல் ஆகாது. முன்னதை ஏற்பது அரசர்க்கு எளிது; பின்னதை அவர்கள் ஏற்று நடந்ததாகத் தெரியவில்லை.

அக்காலத்துச் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் மடத்துத் துறவிகள். ஆதலின் மடங்களின் இழப்பை நாம் அறிவோம். பிடித்துச் செல்லப்பட்டோர் தம் கதையை எழுதவில்லை. அயர்லாந்தில் டப்ளினுக்கு அருகேயுள்ள ஹவுத் என்னுமிடத்திலிருந்து 821ஆம் ஆண்டில் பெண்கள் பலர் சிறைகொண்டு செல்லப்பட்டனர் என்று நாட்குறிப்பேடு ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அவர்கள் பெயர் யாது? எங்கே போயினர்? ஏட்டில் விடை இல்லை. 841இல் வடவர் டப்ளினிற் படகுப் பாசறை அமைத்தனர்; பிற்காலத்தில் அது பெரியதோர் அடிமைச் சந்தையாயிற்று. இன்றைய ஐஸ்லாந்து மக்களின் மரபணுக்களை ஆராய்ந்தோர், அந்நாட்டின் ஆதிக்குடிகளுள் ஆண்களிற் பெரும்பாலோர் வடநாட்டினர் என்றும், பெண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் அயர்லாந்து, ஸ்காத்லாந்துப் பகுதியினர் என்றும் கண்டுள்ளனர். அவர்கள் அனைவரும் அடிமைகள் என்று சொல்ல முடியாது. மனைவியராய் வந்தோரும் உண்டு. எனினும், ஏடு எழுதாத பெண்களின் சரித்திரம் அவர்தம் வழித்தோன்றல்களின் இரத்தத்தில் எழுதப்பட்டிருப்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் உருகுகிறது.

நிற்க. காவலர் என்று பெயர் பெற்ற மன்னர்கள் யாது செய்தனர்? 845ஆம் ஆண்டில் வைக்கிங்கர் சேன் ஆற்றின் வழியே பாரிஸ் நகரை அடைந்தனர். பிராங்கியர் மன்னனாகிய வழுக்கைச் சார்லஸ் 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்து அவர்களை அனுப்பிவைத்தான். 866இல் மீண்டும் 4,000 பவுண்டு கொடுக்க உடன்பட்டான். அத்தொகை அரசனுடைய பெட்டியிலிருந்தா வந்தது? சுதந்தரக் குடியானவனின் நிலம் ஒன்றுக்கு 6 வெள்ளிக்காசு, அடிமைக் குடியின் நிலம் ஒன்றுக்கு 3 வெள்ளிக்காசு என்று ஊர்தோறும் வசூலிக்கப்பட்டது. அடிமைக்குச் சுதந்தரம் இல்லை. வரி மட்டும் உண்டு!

இவ்வரலாற்றை வாசகசாலையிற் படித்தபொழுது என்னை மேலே செல்லவொட்டாது நிறுத்தியது 859ஆம் ஆண்டுக் குறிப்பு. சேன் ஆற்றுக்கும் லுவார் ஆற்றுக்கும் இடைப்பட்ட நாட்டிலிருந்த எளிய மக்கள், அரசனும் பிரபுக்களும் தம்மைக் காவாமை கண்டு, ஒருவர்க்கொருவர் சத்தியம் செய்துகொண்டு தாமே ஒன்றுகூடினர்; சேன் ஆற்றங்கரையில் தங்கியிருந்த வைக்கிங்கரைத் தீரத்துடன் எதிர்த்தனர். பின்னர் அவர்கள் கொல்லப்பட்டனர். கொன்றவர் யார்? வைக்கிங்கர் அல்லர், அம்மக்களுடைய சொந்த நாட்டுப் பிரபுக்கள்! முன்யோசனையின்றிக் கூட்டுச் சபதம் செய்துகொண்டார்கள் என்பதே ஏடு கூறும் காரணம்.

இதனை நண்பர் ஒருவரிடம் கூறினேன். "போர்ப்பயிற்சி இல்லாதவர் கோடரிக்காரரை எதிர்த்தது பேதைமையன்றோ?" என்றார் அவர். பேதைமையாயின் பிரபுக்கள் நகைத்துவிட்டுப் போயிருப்பர், வாள் உருவியிருக்கமாட்டார்கள். கொள்ளையன் வந்தால் பணங்கொடுத்து அனுப்பலாம். குடிகள் ஒன்றுசேர்ந்து தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் கற்றுவிட்டாலோ, காவலர்க்கு என்ன வேலை? பிரபுக்கள் அஞ்சியது இதற்கே என்பது என் துணிபு. 884ஆம் ஆண்டில் இறங்கிய அரச கட்டளை இதனை வலியுறுத்துகிறது. கொள்ளையடிப்போருக்கு எதிராகக் கிராமத்தார் சங்கம் கூட்டுதல் கூடாது. குருவிடமும் அதிகாரியிடமும் முறையிடுக என்பது அக்கட்டளை.

எல்லா மன்னரும் இவ்வாறு இருந்தனர் என்பது அறமாகாது. இங்கிலாந்தில் ஆல்பிரட் மன்னன் 878இல் வடவரை வென்றபின் அரண்சூழ்ந்த ஊர்களை அமைத்தான். அவன் மகன் காலத்துப் பட்டியலில் அத்தகைய ஊர்கள் ஏறத்தாழ 30 உள்ளன. ஐந்து மீட்டர் நீளமுள்ள மதிலுக்கு நான்கு ஆட்கள் என்று கணக்கிட்டுக் காவல் வகுத்தனர். மதிலைக் காத்த குடியானவன் ஆபத்துக் காலத்தில் அம்மதிலுக்குள்ளேயே தன் பிள்ளைகுட்டிகளோடு புகலடைந்தான். காவல் என்பதன் பொருள் இதுவே.

ஆனால், அவன் வழிவந்தோர் மீண்டும் கப்பத்தையே நாடினர். 991இல் 10,000 பவுண்டு. அது வளர்ந்து, 1018இல் டேனியனான கனூட் மன்னனுக்கு 72,000 பவுண்டு. இலண்டன் நகரம் தனியே தந்தது 10,500 பவுண்டு. வடநாட்டுக் கூலிப்படையை வைத்துக்கொள்ளவும் 1012 முதல் நிலவரி விதிக்கப்பட்டது. 1051இல் அது நீக்கப்பட்டது. எனினும், 1066க்குப்பின் வந்த நார்மன் அரசர்கள் டேனியர் பெயரால் வழங்கிய அவ்வரியை மீண்டும் வாங்கினர். அது கடைசியாக வசூலிக்கப்பட்டது 1162ஆம் ஆண்டில். வடவரின் கப்பற்படைகள் ஓய்ந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. காவற்கூலி மட்டும் ஓயவில்லை!

அந்த நார்மன் அரசர்கள்தாம் யார்? 911ஆம் ஆண்டில் பிராங்கிய மன்னன், ரோலோ என்னும் வைக்கிங்கர் தலைவனுக்குச் சேன் ஆற்று முகத்தைச் சூழ்ந்த நிலத்தைக் கொடுத்து, பிற வைக்கிங்கரைத் தடுக்கும் பொறுப்பையும் ஒப்புவித்தான். அந்நிலமே நார்மண்டி. ரோலோவின் வழித்தோன்றல் வில்லியம் 1066இல் இங்கிலாந்தின் அரியணை ஏறினான். நேற்றைய கொள்ளையன் இன்றைய காவலனானான்; குடியானவன் அன்றும் இன்றும் வரிகொடுப்பவனாகவே நின்றான்.

வந்த வடவரிலும் எல்லோரும் தலைவர்கள் அல்லர். கிழக்கு இங்கிலாந்தில் அவருட் பலர் வாளை வைத்துவிட்டு ஏரைப் பிடித்தனர், அயலாராய் வாழ்ந்தனர். ஆங்கிலர் இன்று சன்னலுக்கும் கத்திக்கும் முட்டைக்கும் சட்டத்துக்கும் வழங்கும் சொற்கள் வடவர் மொழி தந்தவை. 'அவர்கள்' என்பதற்குரிய சொல்லும் அங்கிருந்து வந்ததே. உழைப்பவர் உழைப்பவரோடு கலந்தவிடத்துப் பகை நில்லாது மொழியும் கலந்துவிட்டது.

அன்பர்களே! கொள்ளையர் தலைவனின் பெயரை ஏடு காத்துள்ளது. கப்பம் கொடுத்த மன்னனின் பெயரையும் காத்துள்ளது. 859இல் கைகோத்து நின்ற அம்மக்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைத்திலது. ஆயினும், அவர்கள் தீரத்துடன் நின்றார்கள் என்று, அவர்களைக் கொன்றவர் பக்கத்து ஏடே சாட்சி சொல்லுகிறது. எந்த நாட்டுச் சரித்திரத்தைப் படித்தாலும், வென்றவன் யார், தோற்றவன் யார் என்பதோடு நிறுத்தாது, பணம் கொடுத்தவர் யார், மடிந்தவர் யார் என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடுவோரே சரித்திரத்தை முழுதும் படித்தவராவர்.