சாவி என்னிடம்தான் இருந்தது

எங்கள் ஊர் நூலகத்துக்குத் துணையாகத் தொடங்கிய வாசகர் வட்டம் கலைந்துபோனதற்கு நான் ஒருவனே காரணம். மழை, ஆள் பற்றாக்குறை, பலர் மாற்றலாகிப் போய்விட்டார்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். அத்தனையும் பொய். ஊர் நடு அந்தமானில் இருக்கிறது, பெயரை எழுதவில்லை. அந்த நூலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு என் தவற்றில் எந்தப் பங்கும் கிடையாது. நாங்கள் கேட்டதையெல்லாம் அவர்கள் செய்துகொடுத்தார்கள். பின் அறையில் ஒரு மூலையும் இரண்டு ஸ்டீல் பீரோவும் தந்தார்கள். அந்தப் பீரோக்களின் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். கெடுதல் அங்கே தொடங்கியது.

இந்தத் தீவுகளில் ஒரே கடை வாசலில் நாலைந்து மொழி கேட்கும். 2011 கணக்கெடுப்பில் இங்கே 3,80,581 பேர். நூற்றுக்கு 28 பேர் வங்காளம் பேசுகிறவர்கள், 15 பேர் தமிழ் பேசுகிறவர்கள், மற்றவர்கள் இந்தி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி என்று பேசுகிறவர்கள். எங்கள் வட்டமும் அப்படித்தான் சேர்ந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்து ஆசிரியை ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் தீதி என்போம். 1925-இல் பர்மாவிலிருந்து மாயாபந்தர் பக்கம் வந்த கரேன் மக்களின் வழியில் ஒரு பையன். 1918 முதல் காடு வெட்டும் வேலைக்குச் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களை இங்கே ராஞ்சிக்காரர்கள் என்பார்கள். அந்தக் குடும்பங்களிலிருந்து இரண்டு பெண்கள். மீதிப் பேர் தமிழர்கள். கிழிந்த புத்தகத்துக்கு அட்டை போடுவது, பதிவேட்டில் எழுதுவது, சனிக்கிழமை சாயங்காலம் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டுவது எல்லாம் இவர்கள் செய்த வேலை. நான் ஒருங்கிணைப்பாளர்.

என் ஆசை தமிழ்ப் புத்தகங்கள் மேல் இருந்தது. மெயின்லேண்டில் இருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எழுதிக் கேட்டேன். அவர்கள் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து கப்பலில் ஏறினால் மூன்று நாள். ஊருக்கு வருகிற யாராவது தங்கள் மூட்டையோடு ஒரு கட்டுப் புத்தகமும் சேர்த்து எடுத்துவருவார்கள். ஜெட்டியில் இறக்கி, டிரங்க் ரோட்டில் வண்டிகளைக் கூட்டமாக விடும் கான்வாய்க்குக் காத்திருந்து, ஜாரவா பழங்குடியினரின் வனப் பகுதியைக் கடந்து எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பார்கள். கூலி வாங்கியவர் ஒருவரும் இல்லை. இப்படி வந்த புத்தகங்களை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

எடுத்துப்போனால் திரும்பி வராது, இங்கே தொலைந்தால் இன்னொரு பிரதி வாங்க வழியில்லை என்று காரணம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதியை இப்போது சொல்கிறேன். என் முயற்சியில் வந்த புத்தகம் என் கண்ணெதிரில் இருக்க வேண்டும், கேட்கிறவர்கள் என்னிடம் வந்து கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு வேண்டாம் என்று தீர்மானிப்பதில் ஒரு சுகம் இருந்தது. வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் உழைத்தார்கள். முடிவு எதையும் நான் அவர்களிடம் விடவில்லை.

ராஞ்சிப் பெண்களில் இளையவள் ஒருநாள் ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கேட்டாள். "தம்பிக்குப் படம் காட்டணும் அங்கிள், திங்கட்கிழமை கொண்டுவந்துடறேன்" என்றாள். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தோடு வளர்ந்தவள்; தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. "படிக்கத் தெரியாத உனக்கு எதுக்கு?" என்று கேட்டேன். எல்லோர் முன்னாலும் கேட்டேன். தமிழ்ப் பிள்ளைகளிலேயே பலர் இங்கே இந்தி வழியில் படித்து, எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருக்கிறார்கள். அவர்களையும் அப்படித்தான் நடத்தினேன். அந்தப் பிள்ளைகள் தமிழ் எழுத்துக்குள் வருவதற்கு இருந்த வழியே அந்தப் படக்கதைகள்தான். இதை ஒரு வாசகர் வட்டத்தை நடத்தியவன் உணரவில்லை.

தீதி இரண்டு முறை எச்சரித்தார். பீரோவைத் திறந்து வையுங்கள், காற்றுப் படாமல் எல்லாம் கெட்டுவிடும் என்றார். தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை என்று பதில் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்தும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவர் சொன்னது அறிவியல். இங்கே இரண்டு பருவமழையும் பெய்யும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தாலே காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். தீவில் அது பெரும்பாலான மாதங்களில் 80-ஐ ஒட்டி நிற்கிறது. இரும்புப் பீரோவுக்குள் புத்தகங்களை இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். நான் போட்ட அந்துருண்டை பூச்சியை விரட்டும், பூஞ்சணத்தை நிறுத்தாது. அடிக்கடி கைமாறிப் பக்கம் புரளும் புத்தகத்துக்குக் காற்றுக் கிடைக்கும். இந்த ஊரில் புத்தகத்தைக் காப்பாற்ற நினைக்கிறவன் அதை முதலில் வெளியே கொடுக்க வேண்டும்.

நான் நேர்மாறாகச் செய்தேன். நூலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவனாக இருந்து செய்தேன் என்றும் சொல்ல முடியாது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்காகத்தான் என்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்ததைச் சொல்லித்தான் அவர் அதை விளக்குகிறார். அதே ஆண்டு மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா 1933-இல் தன் வீட்டுப் புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1981-இல் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் வரை வைத்திருந்த யாழ்ப்பாணப் பொதுநூலகம் அப்படி முளைத்தது. இவையெல்லாம் நானே கூட்டங்களில் பேசியவை. செல்லப்பா கொடுத்தது சொந்தப் புத்தகம். நான் பூட்டி வைத்தது பிறர் கொடுத்தது.

பள்ளிப் பிள்ளைகளை இதே தீவுகளில் இருக்கும் செல்லுலார் சிறைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். 1933 மே மாதம் அரசியல் கைதிகள் தொடங்கிய உண்ணாவிரதத்தை அங்கே நின்று விவரித்திருக்கிறேன். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா மூவரும் வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டதால் செத்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் அறைக்கு ஒரு விளக்கும் படிக்கப் புத்தகமும் இருந்தன. போராட்டத்துக்குப் பிறகு அவை கிடைத்தன. சிறைக்குள்ளேயே படிப்பு வட்டங்கள் வளர்ந்தன. புத்தகத்துக்காக உயிர் போன மண் இது என்று பிள்ளைகளிடம் சொன்னபோது பீரோச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அப்போது எனக்கு உறுத்தவில்லை. இதை எழுதும்போது உறுத்துகிறது.

ஒரு மழைக்காலம் முடிந்து திறந்தேன். அட்டைகளில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். வழவழப்புத் தாளில் அச்சான குழந்தைப் புத்தகங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போயிருந்தன. பிரித்தால் படம் கையோடு வந்தது. பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருந்தது. கீழ்த்தட்டில் கரையான். பாதிக்கும் மேல் தேறாது. வட்டத்தைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். நான் யாருமில்லாத நேரத்தில் சாக்கில் கட்டி எடுத்துப்போய் எரித்தேன். அனுப்பியவர்களுக்கு, புத்தகங்கள் நல்ல பயன்பாட்டில் இருப்பதாகக் கடிதம் எழுதினேன். கடிதம் பெற்றவர்களில் ஒருவர் வயதானவர். இறந்துபோன தன் மனைவியின் புத்தகங்களை அனுப்பியவர். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பதாக அவர் பதில் போட்டார். நான் செய்ததில் இதுவே மிகக் கேவலமானது.

கரேன் பையன் பதிவேட்டைச் சரிபார்த்தபோது கணக்கு உதைத்தது. என்னிடம் கேட்டான். நூலகத்தில் யாராவது எடுத்திருக்கலாம் என்றேன். அவன் நம்பவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. அடுத்த வாரம் வரவில்லை. தீதியும் வரவில்லை. ராஞ்சிப் பெண்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டார்கள். சனிக்கிழமைக் கதை நேரம் நின்றது. குழந்தைகள் சில வாரம் வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்களாம். நூலக ஊழியர் சொன்னார்.

சாவியை நூலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். புத்தகம் அனுப்பியவர்கள் எல்லோருக்கும் நடந்ததை எழுதினேன். அந்தப் பெரியவரிடமிருந்து பதில் இல்லை. வட்டத்தில் இருந்தவர்களைத் தனித்தனியாகப் போய்ப் பார்த்தேன். தீதி உட்காரவைத்து டீ கொடுத்துக் கேட்டுக்கொண்டார். திரும்ப வருவதற்கு அவர் சொன்ன நிபந்தனைகள்: அலமாரிக்குப் பூட்டு இருக்கக் கூடாது, வங்காளமும் இந்தியும் தமிழும் ஒரே தட்டில் இருக்க வேண்டும், நான் எந்தப் பொறுப்பிலும் இருக்கக் கூடாது. மூன்றுக்கும் சரி என்றேன். கரேன் பையன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். படக்கதை கேட்ட பெண் முடியாது என்றாள். தம்பி இப்போது பெரியவனாகிவிட்டான், அவனுக்குப் புத்தகம் என்றாலே பிடிக்காது என்றாள்.