சுழலின் உள்ளே

2016 டிசம்பர் 12 ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரையேறியது. ஓரிக்கையில் அண்டை வீட்டுத் தறியோசை காலையிலேயே ஓய்ந்திருந்தது. அஸர் வேளை நெருங்குகையில், சென்னையில் பணிபுரியும் என் மகன் தொலைபேசியில் அழைத்தான். "அத்தா, காற்று அடங்கிவிட்டது. வானமும் வெளுக்கிறது. பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வருகிறேன்" என்றான்.

நான் அரபு இலக்கணம் ஓதியவனேயன்றி வானிலை கற்றவனல்லன். சூறாவளியை அரபியில் 'இஃஸார்' என்பர். திருமறையின் அல்பகரா அத்தியாயத்திலும் அச்சொல் உண்டு. பிழிதல் என்னும் பொருளுடைய வேரில் பிறந்தது அது. 'அஸர்' என்னும் சொல்லும் அவ்வெழுத்துகளையே உடையது. சாயத்தில் தோய்த்த பட்டு நூலை எம்மூரார் கோலில் மாட்டி முறுக்கிப் பிழிவதைக் காணுந்தோறும் அச்சொல்லின் பொருத்தத்தை வியந்திருக்கிறேன். ஆனால் அது முறுக்கைச் சொல்கிறதேயன்றி, முறுக்கின் உள்ளே இருப்பதைச் சொல்லவில்லை.

அதைச் சொன்னது அன்று தொலைக்காட்சியில் கண்ட ராடார் படம். வண்ண வளையம் ஒன்று. அதன் நடுவே மழையற்ற துளை. அதுவே புயலின் கண். மகன் நின்றது அத்துளைக்குள் என்பது பளிச்சிட்டது. "வெளியே போகாதே! காற்று திரும்ப வரும். கடுங்காற்றில் வீட்டிலேயே தொழ மார்க்கம் இடமளிக்கிறது" என்றேன். அவன் மறுமொழி கூறுமுன் இணைப்பு அறுந்தது.

அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் உறங்கவில்லை. மறுநாள்தான் அவன் குரல் கேட்டது. வடக்கிலிருந்து வீசிய காற்று சற்று நேரத்தில் தெற்கிலிருந்து பாய்ந்ததாம். பள்ளிக்குச் செல்லும் வழியில் பெருமரம் ஒன்று வேரோடு சாய்ந்ததாம்.

அன்றுமுதல் சுழலின் உள்ளே என்ன இருக்கிறது என்று தேடிப் படிக்கலானேன். 1928 இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து உழவர் வில் கெல்லர், நிலவறை வாயிலில் நின்று, தலைக்குமேல் கடந்த சூறையை அண்ணாந்து பார்த்தார். சுழலும் மேகச் சுவர்கள், நடுவே அரை மைல் உயரத்துக்கு வட்டமான வெளி, அதைத் துலக்கிய மின்னல்கள் என்று தாம் கண்டதைப் பின்னர் விவரித்தார்.

அத்தகைய சூறையின் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அடங்கும். புயலின் கண்ணோ பல கிலோமீட்டர் விரியும். பிறக்கும் விதமும் வேறு. ஆயினும் இரண்டையும் எட்ட நின்று காட்டுவது டாப்ளர் ராடாரே. அது விடும் அலைகள் மழைத்துளியிலும் புழுதியிலும் பட்டு மீள்கின்றன. நெருங்கி வரும் புகைவண்டியின் ஊதல் உயர்ந்தும், விலகுகையில் தாழ்ந்தும் ஒலிப்பதுபோல, மீளும் அலையும் மாறுகிறது. நெருங்கும் காற்றும் விலகும் காற்றும் அடுத்தடுத்துத் தெரிந்தால் அங்கே சுழற்சியுண்டு. சுழற்சி துளிகளையும் துகள்களையும் வெளியே வீசுவதால் சூறையின் நடுவிலும் துளை தோன்றும். 1999 மே 3 இல் ஓக்லஹோமாவில் ஜோஷுவா உர்மன் குழுவினர் சுமையுந்தில் ஏற்றிய ராடாரால், மணிக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர் வேகத்தை அளந்தனர்.

அருகே சென்று அளந்தவர் டிம் சமாராஸ். 2003 இல் அவர் சூறையின் பாதையில் வைத்த கருவி, காற்றழுத்தம் 100 மில்லிபார் வீழ்ந்ததைப் பதிந்தது. 2013 மே 31 இல் சூறையொன்று அவரையும் அவர் மகனையும் ஒருங்கே கொண்டுபோயிற்று. அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு, காரணம் எதுவும் கூறாமல், என் மகனைத் தொலைபேசியில் அழைத்தேன்.