பத்து பவுண்டுக்கு விற்ற கம்பெனி

அம்பாஸடர் கார், ஸ்டாண்டர்டு ஹெரால்ட், அசோக் லேலண்ட் பஸ். இந்த மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று சொன்னால் என் பேரன் "சும்மா கதை விடாதீங்க தாத்தா" என்கிறான். அவன் அம்பாஸடரையே சினிமாவில்தான் பார்த்திருக்கிறான். நம் வயதுக்காரர்களிடமாவது சொல்லி வைக்கலாம் என்று தோன்றியது.

அம்பாஸடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அச்சுகளை வாங்கி வந்து கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைச் செய்தது. ஹெரால்ட் நம் ஊர்ச் சரக்கு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது, ஆனால் மூலம் ட்ரையம்ஃப் ஹெரால்ட். லேலண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி, லேலண்ட் பங்கு எடுத்த பிறகு 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அங்கே இங்கிலாந்தில் மாரிஸ், ட்ரையம்ஃப், ஆஸ்டின், லேலண்ட் எல்லாம் 1968-ல் ஒரே கூரைக்குக் கீழே வந்தன. அந்தக் கூரையின் பெயர் பிரிட்டிஷ் லேலண்ட்.

ஹெரால்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பானெட்டும் முன் மட்கார்டும் சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, காபி குடித்தபடி என்ஜினைக் கழற்றலாம். இங்கிலாந்தில் அந்தக் காருக்கு இரண்டு கதவுதான். மாமியார், மைத்துனி, நாலு குழந்தைகள் என்று ஏறுகிற நம் குடும்பத்துக்கு அது ஆகுமா? நான்கு கதவு ஹெரால்டைச் செய்தது சென்னைக் கம்பெனிதான்.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். 1968-ல் அந்த இணைப்பைத் தூண்டியதே வில்சன் அரசாங்கம்தான். பெரிதாக இருந்தால் அமெரிக்கக்காரனையும் ஜெர்மன்காரனையும் சமாளிக்கலாம் என்ற கணக்கு. சேர்த்தார்களே தவிர, ஒன்றாக்கவில்லை. ரோவர் 2000 என்று ஒரு கார், ட்ரையம்ஃப் 2000 என்று இன்னொரு கார், இரண்டுக்கும் ஒரே வாடிக்கையாளர்கள். எம்.ஜி. மிட்ஜெட்டும் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் அப்படியே. அண்ணன் கடையும் தம்பி கடையும் எதிரெதிரே இருந்து ஒரே புடவையை விற்கிற மாதிரி. அவர்களுடைய பெருமையான மினி காரை ஃபோர்டு கம்பெனிக்காரர்கள் வாங்கிப் பிரித்துப் போட்டுக் கணக்குப் பார்த்து, "இந்த விலைக்கு விற்றால் ஒவ்வொரு காருக்கும் நஷ்டம்" என்று முடிவுக்கு வந்த கதை தொழில் வட்டாரத்தில் பிரசித்தம். ஊரே வாங்குகிற பொருளாக இருக்கும், அடக்கவிலை மட்டும் யாரும் சரியாகப் போட்டிருக்க மாட்டார்கள். வங்கியில் இருந்தவர்களுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும்.

1974 முடிவில் கையிருப்பு வறண்டது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகள். மூடினால் பர்மிங்ஹாம், கவென்ட்ரி பக்கம் பாதி வீட்டில் அடுப்பு எரியாது. 1975-ல் ரைடர் அறிக்கை வந்தது. அரசு 140 கோடி பவுண்டு வரை போடலாம் என்றது. கம்பெனி அரசுடைமை ஆனது. பணம் வந்தது, வேலை நிறுத்தமும் நிற்கவில்லை, காரின் தரமும் ஏறவில்லை. ஆலிக்ரோ என்று ஒரு கார், அதற்குச் சதுரமாக ஒரு ஸ்டியரிங். எந்த மகானுபாவனுக்குத் தோன்றியதோ!

1977-ல் மைக்கேல் எட்வர்ட்ஸ் என்ற தென்னாப்பிரிக்கர் தலைவராக வந்து கத்தியை எடுத்தார். லிவர்பூல் பக்கம் ஸ்பீக் ஆலை மூடப்பட்டது. எம்.ஜி.யின் ஆபிங்டன் ஆலையும் போயிற்று. லாங்பிரிட்ஜ் ஆலையின் தொழிற்சங்கத் தலைவர் டெரக் ராபின்சனை 1979-ல் வேலையை விட்டே நீக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், நஷ்டக் கம்பெனிக்கு அரசாங்கம் பணம் கொடுப்பது பாவம் என்று சொல்லி ஆட்சிக்கு வந்த தாட்சர் அம்மையாரே 1981-ல் 99 கோடி பவுண்டு கொடுத்தார். எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது பேசுவது வேறு, லட்சம் பேர் வேலை தன் கையெழுத்தில் தொங்கும்போது எழுதுவது வேறு.

நம் ஸ்டாண்டர்டு கம்பெனியை அப்படிக் கைதூக்கிவிட யாரும் இல்லை. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு கார் விட்டார்கள். உடம்பு ரோவர் எஸ்.டி.1. அது 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது. ஆனால் உள்ளே இருந்தது பழைய வான்கார்டு வம்சத்து என்ஜின். பட்டு வேட்டி கட்டிய பயில்வான், ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். எதிரே மாருதி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 1988-ஓடு உற்பத்தி நின்றது. பெருங்களத்தூரில் ரயிலில் போகும்போதெல்லாம் புதர் மண்டிய அந்த இடத்தைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது, "சிக் யூனிட்" என்கிற நலிந்த தொழில்களின் கோப்புகள் என் மேஜைக்குத்தான் வரும். 1987-ல் பி.ஐ.எஃப்.ஆர். வாரியம் வந்த பிறகு புனரமைப்புத் திட்டம் என்று கட்டுக் கட்டாகக் காகிதம். எல்லாத் திட்டத்திலும் முதல் வருஷம் நஷ்டம், இரண்டாம் வருஷம் வரவுக்கும் செலவுக்கும் சரி, மூன்றாம் வருஷம் லாபம். அந்த மூன்றாம் வருஷம் எனக்குத் தெரிந்து பெரும்பாலும் வந்ததே இல்லை.

அதில் ஒன்று மறக்கவில்லை. புறநகர்த் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை, நாற்பது பேர். வடக்கே இருந்த ஒரு வண்டிக் கம்பெனிக்கு மட்டும் உதிரிபாகம் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பெனி படுத்தது. அனுப்பிய சரக்குக்கும் பணம் வரவில்லை. முதலாளி கூடுதல் கடன் கேட்டு வந்தார். கூடவே ஃபோர்மேனையும் அழைத்து வந்திருந்தார். அந்த மனிதர் ஒரு கைக்குட்டையைப் பிரித்து, தாங்கள் செய்த பாகம் ஒன்றை என் மேஜை மேல் வைத்தார்.

"சார், இதுல ஏதாவது குத்தம் இருக்கா பாருங்க."

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நாங்க ஏன் சார் மூடணும்?"

வாங்குகிறவன் இல்லாத பொருளுக்குக் கடன் கொடுத்தால் சம்பளம் நாலு மாதம் ஓடும், ஐந்தாம் மாதம் கடனும் சேர்ந்து நிற்கும் என்று விளக்கினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. பாகத்தை மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். பழைய கடனுக்குத் தவணையை நீட்டிக் கொடுக்கலாம், வேறு கம்பெனியின் ஆர்டரோடு வந்தால் அந்த ஆர்டருக்கு மட்டும் புதுக்கடன் என்று குறிப்பு எழுதினேன். இன்று அந்தக் கோப்பு வந்தாலும் அதையேதான் எழுதுவேன். முதலாளி பம்புசெட்டுக்குப் பாகம் செய்யும் ஆர்டர் பிடித்து வந்தார். பதினோரு பேருக்கு வேலை நின்றது. இருபத்தொன்பது பேருக்குப் போயிற்று. ஃபோர்மேன் அந்தப் பதினொன்றில் இல்லை.

அதனால்தான் அரசாங்கம் காப்பாற்றலாமா கூடாதா என்று பொதுவாகக் கேட்டால் எனக்குப் பதில் வராது. எதை மூடிவிட்டு எதைக் காப்பாற்றுகிறாய் என்று கேட்டால் பேசலாம். அமெரிக்காவில் 1979-ல் கிரைஸ்லருக்கு 150 கோடி டாலர் வரை ஜாமீன் மட்டும் நின்றார்கள். தொழிலாளி சம்பளத்தில் விட்டுக்கொடுத்தான், ஐயகோக்கா புது வண்டிகளை இறக்கினார், 1983-லேயே கடன் அடைந்தது. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு அமெரிக்க அரசு போட்டது சுமார் 5,000 கோடி டாலர். சும்மா கொடுக்கவில்லை. கம்பெனியை திவால் கோர்ட்டுக்கு அனுப்பி, தலைவரை மாற்றி, பான்டியாக், சாட்டர்ன் போன்ற பெயர்களை உதறவைத்துத்தான் காப்பாற்றினார்கள். அப்படியும் பங்குகளை விற்று முடித்தபோது சுமார் 1,100 கோடி டாலர் நஷ்டம். அது தண்டமா என்று அங்கே இன்னும் சண்டை. கம்பெனி நிற்கிறது, அத்தனை வேலையும் ஒரே மாதத்தில் போயிருந்தால் ஆகியிருக்கும் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பது என் கட்சி.

பிரிட்டிஷ் லேலண்டிலும் எல்லாம் வீணாகிவிடவில்லை. ஜாகுவாரை 1984-ல் தனியே பிரித்துப் பங்குச் சந்தைக்கு அனுப்பினார்கள், அது பிழைத்தது. லேண்ட் ரோவரும் பிழைத்தது. இரண்டையும் 2008-ல் ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு டாடா வாங்கியது எல்லோருக்கும் தெரியும். நம் எண்ணூர்க் கம்பெனியில் அவர்கள் வைத்திருந்த பங்கு 1987-ல் ஹிந்துஜாக்களிடமும் இவெக்கோவிடமும் வந்தது. தாய்க் கம்பெனி போய்விட்டது, பிள்ளை இன்னும் பஸ் விட்டுக்கொண்டிருக்கிறது.

மிச்சம் இருந்ததுதான் பரிதாபம். ரோவர் என்ற பெயரில் 1988-ல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்கு விற்றார்கள். அவர்கள் 1994-ல் பி.எம்.டபிள்யூ.வுக்கு 80 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். ஜெர்மன்காரனாலும் முடியவில்லை. 2000-ல் லேண்ட் ரோவரை ஃபோர்டுக்கும், லாங்பிரிட்ஜ் ஆலையோடு ரோவர், எம்.ஜி. கார்த் தொழிலை உள்ளூர்க்காரர்கள் நான்கு பேருக்கும் கொடுத்தார்கள். அந்த நால்வரிடம் வாங்கிய விலை 10 பவுண்டு. நம் கணக்கில் அன்றைக்கு ஏறக்குறைய எழுநூறு ரூபாய். ஆலையைக் காப்பாற்றிய வீரர்கள் என்று ஊரே அவர்களைக் கொண்டாடியது.

2005 ஏப்ரலில் ஷாங்காய் கம்பெனியோடு நடந்த பேச்சு முறிந்து கதை முடிந்தது. தேர்தல் நேரம். பிளேர் அரசு ஒரு வாரச் சம்பளத்துக்காக 65 லட்சம் பவுண்டு கடன் கொடுத்துப் பார்த்தது. ஒரு வாரம் ஓடியது, அவ்வளவுதான். சுமார் 6,000 பேர் வீட்டுக்குப் போனார்கள். பிற்பாடு அரசு விசாரித்ததில், அந்த நால்வரும் தலைமை நிர்வாகியும் ஐந்து வருஷத்தில் சம்பளம், ஓய்வூதியம் என்று சுமார் 4 கோடியே 20 லட்சம் பவுண்டு எடுத்திருந்தது தெரியவந்தது. தொழிலாளிகளுக்கென்று ஒரு நிதி வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வருஷக்கணக்கில் இழுத்து, வக்கீல் செலவெல்லாம் போக மிஞ்சியதைப் பங்கு போட்டால் ஆளுக்கு 3 பவுண்டு வந்தது. அதைக் கையில் வாங்காமல், நோயில் கிடக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்துக்கு அந்தப் பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள்.