வரவுப் பக்கத்தில் ஒரு பொய்

கொரோனா வந்ததால்தான் நம் ஊர் மைதானம் நின்றுபோனது என்று மாகறலில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். 2020 மார்ச்சில் ஊரடங்கு வருவதற்கு முன்பே அந்தத் திட்டம் செத்துவிட்டது. அதற்குக் காரணமும் நான், அதை மறைத்தவனும் நான்.

எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு நான் பொருளாளர். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் பணப் பொறுப்பை நம்பி என்னிடம் கொடுத்தார்கள். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தது ஒரு விவசாயியின் தரிசு நிலத்தில். அவர் ஒரு பைசா வாடகை வாங்கியதில்லை. 2019இல் எங்களுக்குப் பெரிய ஆசை வந்தது. செய்யாற்றுப் பக்கம் குத்தகைக்கு ஓர் இடம், சுற்றிலும் கம்பிவேலி, ஒரு பக்கம் படிக்கட்டு காலரி, உடை மாற்ற ஓர் அறை. படம் வரைந்து ஃப்ளெக்ஸ் அடித்து பஸ் நிறுத்தத்தில் கட்டினோம். கீழே என் பெயரும் இருந்தது. அதை நின்று பார்த்துவிட்டுத்தான் தினமும் பஸ் ஏறுவேன்.

நிறையத் தறிகள் வைத்திருக்கும் ஒரு முதலாளியிடம் நன்கொடை கேட்கப் போனேன். “முகூர்த்த வியாபாரம் முடியட்டும்ப்பா, பார்க்கலாம்” என்றார். நான் வீட்டுக்கு வந்து நோட்டின் வரவுப் பக்கத்தில் அவர் பெயரை எழுதி, நேரே இரண்டு லட்சம் என்று போட்டேன். தொகையை அவர் சொல்லவே இல்லை, நானாக எழுதியது. கடையில் எனக்குக் கீழே இருப்பவன் இப்படி ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே அவன் கணக்கை முடித்து அனுப்பியிருப்பேன்.

வியாபாரம் எப்படி இருக்கிறது என்று தெரியாதவனா நான்? 2016 நவம்பரில் நோட்டு செல்லாமல் போனதும் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் எங்கள் கடையை ஆட்டிவைத்தன. கடனுக்குக் கொடுத்தனுப்பிய சேலைகள் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தன. அவற்றை மாலையில் உட்கார்ந்து வரவு வைத்தவன் நான்தான். கோறாப் பட்டுநூலுக்கும் ஜரிகைக்கும் கொடுக்கவே புரட்டிக்கொண்டிருந்த ஒரு முதலாளி, காலரிக்குப் பணம் கொடுப்பார் என்று எழுதினேன். கூட்டத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தத் தைரியத்தில் நிலத்துக்காரரிடம் போய், பொங்கலுக்குப் பிறகு உங்கள் இடம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சவுக்கு நட்டுவிட்டார்.

இதில் இன்னொரு வெட்கமும் இருக்கிறது. இதே தவறை உலகத்தின் மறுகோடியில் ஒரு பெரிய கிளப் செய்த கதை எனக்கு அப்போதே தெரியும். 2018 முதல் சில வருஷம் ஸ்பெயினின் லா லீகா ஆட்டங்களை ஃபேஸ்புக்கில் இலவசமாகக் காட்டினார்கள். அதில்தான் அந்த வாலென்சியா கிளப் எனக்குப் பழக்கம். 1923 முதல் அவர்கள் ஆடும் இடம் மெஸ்டாயா. 2007 ஆகஸ்டில் சுமார் 75,000 பேர் உட்காரும் புதிய அரங்கத்தைக் கட்டத் தொடங்கினார்கள். பழைய இடத்தை விற்று வரும் பணம் செலவைத் தாங்கும் என்பது கணக்கு. நிலம் விற்கவில்லை, ஆனால் விற்றதாகவே வைத்துக்கொண்டு தூண்களை எழுப்பினார்கள். 2008இல் ஸ்பெயினின் மனை வியாபாரம் சரிந்தது. 2009 பிப்ரவரியில் வேலை நின்றது. நடுவில் 2014இல் சிங்கப்பூர்ப் பணக்காரர் பீட்டர் லிம் கிளப்பையே வாங்கினார். அப்போதும் கான்கிரீட் கூடு அப்படியேதான் நின்றது. வேலை மறுபடி தொடங்கியது 2025 ஜனவரியில். நமக்கும் மொட்டைக் கோபுரங்கள் புதிதல்ல. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் நூற்றாண்டுகள் அரைகுறையாக நின்று 1987இல்தான் முடிந்தது. ஆனால் மொட்டைக் கோபுரத்துக்கு வட்டி ஏறுவதில்லை, கால்பந்துக் கிளப்பின் கடனுக்கு ஏறும்.

இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பும் இப்படி மாட்டியதுதான். 2007இல் கிளப்பை வாங்கிய ஹிக்ஸ், ஜில்லெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள், ஸ்டான்லி பூங்காவில் புதிய அரங்கத்துக்கு 60 நாளில் மண்வெட்டி இறங்கும் என்றார்கள். இறங்கவில்லை. 2010இல் கிளப் கைமாறியது. புதியவர்கள் பழைய அரங்கமான ஆன்ஃபீல்டையே பெரிதாக்கிக்கொண்டார்கள். அங்கேயே டாட்டன்ஹாம் கிளப் மட்டும் தப்பியது. உலக நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்த 2008 அக்டோபரில் அறிவித்த திட்டத்தைப் பலமுறை மாற்றி வரைந்து, பத்து வருஷத்துக்கும் மேல் இழுத்து, 2019 ஏப்ரலில் திறந்தார்கள். 2017 மே வரை பழைய அரங்கத்திலேயே ஆடினார்கள் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். வாலென்சியாவும்கூடப் பழைய மெஸ்டாயாவைக் கைவிடவில்லை, இன்றும் அங்கேதான் ஆடுகிறது. இருந்த இடத்தையும் தொலைத்தவன் நான் ஒருவன்தான்.

ஊரடங்கு அறிவித்த இரவு எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். வைகாசி முகூர்த்தம் போனது, தறிகள் நின்றன, நெசவாளர் வீடுகள் ரேஷன் அரிசியை நம்பி இருந்தன. நானோ, இனி அந்த இரண்டு லட்சத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். யாரும் கேட்கவும் இல்லை. வரவுப் பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, ‘கொரோனாவால் வரவில்லை’ என்று எழுதினேன். தருவதாக யாரும் ஒப்புக்கொள்ளாத பணம் எப்படி வராமல் போகும்? அந்த முதலாளியைப் பார்க்க இரண்டாம் தடவை நான் போகவே இல்லை. பாவம், அவர்தான் பேச்சு மாறிவிட்டார் என்று ஊரில் இரண்டொருவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதையும் நான் திருத்தவில்லை.

2025 ஜூலையில், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துப் போட்டி ஒப்பந்தச் சிக்கலில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. இரண்டு முறை கோப்பை வென்ற கிளப். அவர்களுக்கே சொந்த அரங்கம் கிடையாது, அரசின் நேரு ஸ்டேடியத்தில்தான் ஆடுகிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த எங்கள் கோல்கீப்பர் என்னிடம் வந்து, “அவங்களுக்கே இந்தக் கதின்னா, நம்ம மைதானம் நின்னதுல என்னண்ணா இருக்கு? காலம் அப்படி” என்றான். என் பொய்யை எடுத்து எனக்கே ஆறுதலாகச் சொன்னான். அன்றும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். காலத்தைக் குற்றம் சொல்வதற்குச் சென்னைக்காரர்களிடம் காரணம் இருக்கலாம், என்னிடம் இல்லை.

நிலத்துக்காரர் சவுக்கை ஒருமுறை வெட்டி மறுபடியும் நட்டாயிற்று. பையன்கள் தண்ணீர் இல்லாத மாதங்களில் செய்யாற்று மணலில் ஆடுகிறார்கள். வசூல் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கையிருப்பு 18,400 ரூபாய். வேலிக்காரரிடம் கொடுத்துத் திரும்பாத முன்பணம் 7,000. அதை என் சம்பளத்திலிருந்து போட்டுவிட்டேன். பணம் கொடுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து, தங்கள் பெயருக்கு நேரே உள்ளதை எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வேறு ஒரு பொருளாளரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.