ஸ்பிரிங்வெளியில் கேட்ட தங்கக் கதை

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பஸ், நமுனுகுல மலைப்பக்கமாக வளைந்து வளைந்து ஏறியது. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டவென்று என் பையில் ஒரு சிறுவர் கதைப் புத்தகம் இருந்தது. 1849இல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடி மாட்டு வண்டியில் புறப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை அது.

லயத்து வாசலில் பிள்ளைகள் சுற்றி அமர்ந்தார்கள். பாதிக் கதையில் ஒரு சிறுமி கேட்டாள்: “மிஸ், அவங்களுக்குத் தங்கம் கெடச்சிச்சா?”

நான் பதில் சொல்லுமுன் அவளுடைய அப்பாயி சிரித்தார். “எங்க சனத்தையும் இப்படிச் சொல்லித்தாம்மா கூட்டியாந்தாங்க. தேயிலைத் தூருல தேங்காயும் மாசியும் கெடக்குதுன்னு.”

“ஏமாந்த சனம்!” என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாயியின் முகம் வாடிவிட்டது.

சகோதரிகளே, உண்மையில் நடந்தது என்ன? 1840களில் கோப்பிக் காணி வாங்க வெள்ளைக்காரர்கள் முண்டியடித்தார்கள். அரசாங்க அதிகாரிகள், நீதிபதிகள், பாதிரிமார்கூட விட்டுவைக்கவில்லை. அப்போது குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், அதைக் கலிபோர்னியா, அவுஸ்திரேலியா தங்க வேட்டையோடு 1859இல் ஒப்பிட்டு எழுதினார். அங்கே தங்கத்தைத் தோண்டி எடுத்தார்கள், இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள் என்பது அவர் கருத்து. அவர்கள் புதைத்தது பணத்தை. நம்மவர் புதைத்தது உயிரை.

தமிழ்நாட்டில் மழை பொய்த்து, பசியும் கடனும் துரத்திய கிராமங்களுக்குக் கங்காணிமார் ஆள் சேர்க்கப் போனார்கள். முதலில் பெரும்பாலும் ஆண்களே வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர்.

1869இல் இதே ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலைநோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கைகள் தேவைப்பட்டதால் குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தார்கள். மலையில் விளைந்த தங்கம் அந்தக் கைகளால் விளைந்ததுதான். ஆனால் 1948இல் அவர்களில் பெரும்பாலானோரின் குடியுரிமை பறிபோனது.

1977, 1983 வன்செயல்களின் பின் மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. இதை வாசிக்கும் உங்களில் சிலரின் பாட்டியும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். பிள்ளையை இடுப்பிலும் மூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு நடப்பது என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பையனிடம் கேட்டேன்: “தம்பி, உன் தங்கச்சி பசியில அழுதா, சோறு இருக்குற இடம்னு ஒருத்தர் சொன்னா போகமாட்டியா?” அவன் யோசித்தான். “போவேன் மிஸ்.” “அப்போ அவங்க ஏமாளிங்களா?” அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, இருநூறு ஆண்டு நினைவாக, மக்கள் அந்தப் பாதையை மீண்டும் நடந்தார்கள். நடக்க முடியாத நாம் கதையாவது சொல்லலாமே. உங்கள் குடும்பம் எங்கிருந்து, ஏன் புறப்பட்டது, வழியில் யாரை இழந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால், ஏமாந்த சனம் என்று யாரோ சொன்னதுதான் அவர்கள் மனதில் நிற்கும்.

“அப்பாயி, நீங்க சொல்லுங்க” என்றாள் சிறுமி. அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தொடங்கினார். அந்திப் பனி இறங்கும்வரை ஒரு பிள்ளையும் எழுந்து போகவில்லை. என் புத்தகம் மடியில் மூடியபடியே கிடந்தது.