பசியை எண்ணிய பாறை

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் சிறுகடம்பூரில் திருநாதர்குன்று இருக்கிறது. சமணத் துறவிகள் தங்கிய குன்று. உச்சிப் பாறையில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற துறவி 57 நாள் உண்ணாமலிருந்து உயிர்விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. இளைய பட்டாரர் 30 நாள்.

திண்டிவனத்திலிருந்து மாலை வகுப்புப் பிள்ளைகளோடு போயிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள்: "சோறு இருந்தும் சாப்பிடலையாக்கா?"

சரியான கேள்வி. விரும்பி ஏற்ற பசிக்குத் துறவு என்று பெயர். பாறை அதை நாள் கணக்கோடு காக்கிறது. திணிக்கப்பட்ட பசியை யாரும் எண்ணவில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த வேத மரபை மறுத்த அந்தத் துறவிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நம் தாத்தா பாட்டிகள் துறப்பதற்கு நிலமே இருக்கவில்லை.

மேலிருந்து பார்த்தால் ஏரி, வயல், கோட்டை மலைகள் எல்லாம் அழகுதான். அந்த வயல்களில் நம் பெயரில் பட்டா எத்தனை? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பல இடங்களில் அந்த நிலம் இன்று வேறு கைகளில்.

குன்றுக்குப் போய் வாருங்கள் தோழர்களே. இறங்கியதும் உங்கள் ஊர் 'அ' பதிவேட்டின் நகலுக்கு மனுப் போடுங்கள்.