நவம்பரில் அந்த மீன் எங்கே இருக்கும்?

2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியாவை மூழ்கடித்த பிறகு, அங்கே ஓடையோரத்து விவசாயிகளுக்குச் சரளைதான் முதல் எதிரி. வெள்ளம் அதைக் கொண்டுவந்து குவிக்கிறது, ஓடை மேடாகிறது, அடுத்த மழைக்கு வயலில் தண்ணீர் ஏறுகிறது. என் கட்சிக்காரரின் நிலம் ஈடன் ஆற்றில் கலக்கும் ஒரு சிற்றோடைக்கு இருபுறமும் இருந்தது. ஒரு நவம்பரில் அவர் பொக்லைனை ஓடைக்குள் இறக்கி, சரளையை வாரிக் கரையில் கொட்டினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

வழக்கு, 1975ஆம் ஆண்டின் சால்மன் மற்றும் நன்னீர் மீன்வளச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் வந்தது. சினையையோ, சினையிடும் மீனையோ, அவை இருக்கக்கூடிய படுகையையோ வேண்டுமென்றே கலைப்பது குற்றம். விலக்கு ஒன்று உண்டு: நீர்நிலையிலிருந்து பொருள் எடுக்கச் சட்டப்படி உரிமை உள்ளவர் அந்த உரிமைப்படி எடுத்தால் குற்றமில்லை.

“சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். கணுக்கால் தண்ணீர். இதில் எந்த மீன் குடியிருக்கும்?” என்று கேட்டார் கட்சிக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. பெரிய பழுப்பு டிரவுட்டை அந்த ஓடையில் கோடையில் தேடினால் கிடைக்காது. நான் கட்டிய வாதமும் இதுதான்: மீன் இல்லாத இடத்தில் எதைக் கலைத்தார்?

அரசுத் தரப்புச் சாட்சி ஒரு மீன்வள அதிகாரி. குறுக்கு விசாரணையில் கேட்டேன்: “அன்று அங்கே ஒரு மீனையாவது பார்த்தீர்களா?” இல்லை என்றார். “சினை?” அதுவும் இல்லை. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால், அப்படியானால் அங்கே மீன் வரும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்காமல் விட்டால், அதே கேள்வியை அரசு வழக்குரைஞர் கேட்பார்.

அதனால் நானே கேட்டேன். அதிகாரி நிதானமாகச் சொன்னார். வளர்ந்த டிரவுட் பெரிய ஆற்றில், மர வேருக்கடியிலோ குடைந்த கரைக்கடியிலோ ஒதுங்கும். வேகமான நீரோட்டம் மெதுவான நீரை உரசிப் போகும் விளிம்பில் நின்றால், அதிகம் நீந்தாமலே இரை வாய்க்கு வரும். நல்ல இடம் வலியதற்கு. அது போனால்தான் அடுத்ததற்கு. ஆண்டின் பெரும்பகுதியைக் குறுகிய தூரத்துக்குள்ளேயே கழிக்கும் மீன், இலையுதிர்கால மழையில் ஆறு பெருகியதும் கிளம்பி மேலே போகும். சிற்றோடைகளின் சரளைக்குத்தான். பெண் மீன் ஒருக்களித்து வாலால் அடித்துப் பள்ளம் பறித்து, சினையிட்டு, மேலே சரளையை மூடிவிட்டு ஆற்றுக்குத் திரும்பும். சரளை இடுக்கில் ஓடும் தண்ணீர்தான் சினைக்கு மூச்சு. வண்டல் அடைத்தால் செத்துவிடும். குளிர்காலம் முழுக்க அங்கே கிடந்து, வசந்தத்தில்தான் குஞ்சுகள் சரளையை விட்டு வெளியேறும். அவற்றுக்கு வேண்டியதும் என் கட்சிக்காரர் கேலி செய்த அந்தக் கணுக்கால் தண்ணீர்தான். வளர வளர ஆழத்துக்கு இறங்கும்; சில கடலுக்கே போய்த் திரும்பும்.

தூண்டில்காரர்கள் இந்த மீனைப் பற்றி எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அதன் சாப்பாட்டு மேசை மட்டும்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது.

பொதுவாகச் சொன்னதை இந்த ஓடைக்கு எப்படிப் பொருத்துவது? அதற்கும் பதில் வைத்திருந்தார். முந்தைய கோடையில், தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீன்களை மயக்கிக் கணக்கெடுத்தபோது, பொக்லைன் இறங்கிய அதே இடத்தில் அந்த ஆண்டுக் குஞ்சுகள் கிடைத்திருந்தன. ஓடை ஆற்றில் சேருமிடத்துக்குச் சற்று மேலே ஒரு பழைய ஆலைத் தடுப்பு இருந்தது. பெரிய மீன் வெள்ளத்தில் அதைத் தாண்டும்; விரல் நீளக் குஞ்சால் ஏற முடியாது. ஆக, அவை தடுப்புக்கு மேலேதான் பிறந்திருக்க வேண்டும்.

மிச்சமிருந்தது விலக்கு. கடல் ஏற்றம் எட்டாத ஆறுகளில், கரைக்கு உரியவருக்கே நடு ஆறுவரை படுகையும் சொந்தம் என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் பொது அனுமானம். இரு கரையும் இவருடையது, ஆகவே சரளையும் இவருடையது என்றேன். சொந்தமாகவே இருக்கட்டும், அனுமதி பெற்றுச் செய்யவேண்டிய வேலையை அனுமதியில்லாமல் செய்துவிட்டு உரிமை என்று சொல்ல முடியாது என்றனர் மூன்று மஜிஸ்திரேட்டுகளும். தெரியாமல் செய்தார் என்ற வாதமும் நிற்கவில்லை. அக்டோபர் முதல் வசந்தம் வரை ஓடைக்குள் இறங்காதீர்கள் என்று முந்தைய ஆண்டே அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. “வந்தது, அலமாரியில் இருக்கிறது” என்று கூண்டில் நின்று அவரே ஒப்புக்கொண்டார். நேர்மையான கட்சிக்காரரை வைத்துக்கொண்டு வழக்கு நடத்துவது எளிதல்ல.

குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. வயல் முழுகிய படங்களைக் காட்டி அபராதத்தைக் குறைக்க மட்டும் முடிந்தது. மேல்முறையீடு செய்யவில்லை. அடுத்த ஆண்டு அவர் முறையாக விண்ணப்பித்தார், அனுமதி கிடைத்தது. ஜூலையில் சரளையை எடுத்தார்கள்.